வெள்ளச்சியின் மழை

போன வாரம் வேலூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் கடையிலிருந்து வாங்கி வந்த சாமான்களை டப்பாக்களில் கொட்டி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதில் ஒரு பாக்கெட் புளி. செங்கல் மாதிரி சதுரமாக அழுத்தி, 'கொட்டை நீக்கியது, நார் நீக்கியது' என்று மேலே அச்சடித்திருந்தார்கள். பிரித்து ஒரு துண்டு கிள்ளிப் பார்த்தேன். கொட்டையும் இல்லை, நாரும் இல்லை, சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வலது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் சுருக்கென்று எரிந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிய்ந்து போன நகம். மறுபடி முளைத்துவிட்டதுதான், என்றாலும் புளி வாசனை பட்டால் அதற்கு இன்னும் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மருமகள், எதற்கும் ஒரு தடவை சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடலாம் அத்தை என்றாள்.

நகம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றது அதன் பின்னாலேயே வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். நர்சு பயிற்சி முடித்த கையோடு ஜவ்வாது மலையில் ஒரு சின்னத் துணை சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை போட்டார்கள். என் சொந்த ஊர் கண்ணமங்கலம். அதுவரை தனியாக ஆரணிக்குக்கூடப் போனதில்லை. ஜமுனாமரத்தூர் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் எனக்கு வேலை போட்ட ஊர் வரும். முப்பது வீடு இருக்கும். பஸ் ஏற்றிவிடும்போது என் அம்மா அழுதாள். நான் மலைக்குப் போன பிறகு ஒரு வாரம் அழுதேன். அந்த விஷயத்தில் அம்மாவை நான் ஜெயித்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்த இடம் ஒரே அறை. ஒரு பக்கம் என் பாய், பெட்டி, ஸ்டவ். இன்னொரு பக்கம் அரசாங்கத்தின் எடைத் தராசு, ஊசி வேகவைக்கும் பாத்திரம், தடுப்பூசி மருந்து கொண்டு வரும் பிளாஸ்க். அந்தப் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் தெருவில் இறங்கினால் போதும், குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் எல்லாரும் காட்டுக்குள் போய்விடுவார்கள். ஊரே காலியாகக் கிடக்கும். நாய்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அவற்றுக்கு ஊசி கிடையாது என்று தெரிந்த மாதிரி.

அந்த ஊரில் பூட்டு என்று ஒரு சாமானை நான் பார்த்ததே இல்லை. என் பெட்டியில் இருந்த பூட்டைத்தான் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்க்கும். காட்டில் விறகு வெட்டிக் கட்டிப் பாதை ஓரமாகப் போட்டு, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வருவார்கள். கல் வைத்தால் அது ஒருத்தருடையது என்று அர்த்தம். அந்தக் கட்டு ஒரு மாதம் அங்கேயே கிடந்தாலும் யாரும் ஒரு குச்சி உருவ மாட்டார்கள். இது தெரியாமல் வந்த புதிதில் ஒரு கட்டிலிருந்து நல்ல நேரான கழியாகப் பார்த்து உருவி, ஊன்றிக்கொண்டு கம்பீரமாக ஊருக்குள் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் குப்பாயி என்று ஒரு பெண், ஊரில் எல்லாருக்கும் அத்தை முறை, என் வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். கேட்டிருந்தால் முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்திருப்பார்களாம். கேட்காமல் எடுத்ததுதான் தப்பு. கழியைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு, யாருடையதோ அந்த விறகுக்காரரைத் தேடிப்போய் எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கோ என்றார். மறுபடி இரண்டு மைல் நடந்து அதே கழியை உருவிக்கொண்டு வந்தேன். பேச்சு திரும்பி வந்தது.

மாசி பிறந்தால் மலையில் புளி உலுக்குவார்கள். பழத்தைக் காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் புளியை அந்த வீட்டார் மட்டும் உட்கார்ந்து உடைத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று முறை வைத்துக்கொண்டு பெண்கள் எல்லாரும் ஒரே குவியலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. வீட்டுக்காரி ஒவ்வொரு வாசலாகப் போய் வர்றியா என்று கேட்பாள். கேட்காமல் யாரும் வருவதில்லை.

காட்டுக்குள் ஓடுகிற பெண்கள் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் மூளைக்கு எட்ட ஒரு மாதம் ஆயிற்று. பிளாஸ்க்கை அறையில் விட்டுவிட்டு வெறும் கையோடு போய், நானும் உட்காரட்டுமா என்று கேட்டேன். இடம் விட்டார்கள். நார் உரிப்பது சுலபம் என்று நினைத்தேன். முதல் நாள் சாயங்காலமே நகக்கண் வெடித்தது, நாலாம் நாள் நகமே போனது. ரத்தம் வழிய நான் விழித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண்கள்தான் எனக்குத் துணி கிழித்துக் கட்டுப் போட்டார்கள். ஊருக்கே கட்டுப் போட வந்தவளுக்கு ஊரே கட்டுப் போட்டதில் அவர்களுக்கு ஏகப்பட்ட திருப்தி. அன்றைக்கு மறுநாள் இரண்டு பேர் தாங்களாகவே குழந்தையைக் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள்.

கை போனதால் எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த காளியம்மாவின் மகள் பூங்காவனம் அஞ்சாம் வகுப்பு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒற்றை வாத்தியாரிடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒடிசலான பெண். எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பாள். முழுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸானால் அடிவாரத்தில் இருந்த பெண் பிள்ளைகள் விடுதியில் இடம் கிடைக்கும், ஆறாம் வகுப்புக்குப் போகலாம். மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை. அரைப் பரீட்சையில் அறிவியல் கவிழ்த்துவிட்டது. அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பாஸானால் போகட்டும், இல்லையென்றால் ஆடு மேய்க்கட்டும் என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடுகள் இருந்தன, மேய்க்க ஆள் இல்லை.

புளிக் காலத்தில் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து விடவும் முடியாது. அதனால் அவள் கொட்டை எடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் அறிவியலில் நான் வாங்கியது முப்பத்தெட்டு. மனப்பாடம் பண்ணி, எழுதி, வெளியே வந்ததும் மறந்துவிட்ட முப்பத்தெட்டு. அந்தத் தகுதியோடுதான் குரலை உயர்த்தி ஆரம்பித்தேன். புத்தகமும் எனக்கு ஏற்றதுதான், கடைசி மூன்று பாடங்களைக் காணோம். யாரோ ஒரு தம்பி எதற்கோ கிழித்துவிட்டிருந்தான். வாத்தியாரிடமும் வேறு புத்தகம் இல்லை.

இரண்டு நாள் படித்தேன். பூங்காவனத்துக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு கேள்வியைப் பிடித்தால் இன்னொன்று நழுவிப் போனது. மூன்றாம் நாள் குப்பாயி கையிலிருந்த புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தனையும் அந்தப் பொண்ணு ஒருத்தி தலையில ஏத்துனா கழுத்து ஒடிஞ்சிடும் நர்சம்மா. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சிக் குடுங்க. நாங்க வெச்சிக்கறோம். அவ வந்து கேட்டு வாங்கிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. குவியலைப் பிரிக்கிற மாதிரி அறிவியலைப் பிரித்தார்கள். குப்பாயி பற்களை எடுத்துக்கொண்டாள். வெட்டும் பல், கோரைப் பல், முன்கடைவாய், பின்கடைவாய் என்று தன் வாயைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள், இல்லாத பல்லுக்கு அது இருந்த இடத்தைக் காட்டுவாள். காளியம்மாவுக்குப் பூவின் பாகங்கள். ஒருத்திக்கு மாலைக்கண் நோய், ஒருத்திக்கு இதயம், ஒருத்திக்குக் காந்தம். நான் இரண்டு தடவை படித்தால் போதும், பதில் அவர்களிடம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு எழுத்து தெரியாது யாருக்கும். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எனக்கு ஏறாதது அவர்கள் கையில் புளி இருக்கும்போதே ஏறிற்று.

பூங்காவனம் தினமும் வட்டத்தைச் சுற்றி வருவாள். ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று, அத்தை எடுத்துக்கட்டுமா என்பாள். எடுத்துக்கோ என்றதும் பதிலைச் சொல்வாள். தப்பினால் அந்தப் பெண் திருத்துவாள். அடுத்த ஆளிடம் போவாள். பதினைந்து நாளில் வட்டத்தில் இருந்த முகங்களைப் பார்க்காமலேயே அவளால் சொல்ல முடிந்தது. ஆனாலும் கேட்பதை மட்டும் விடவில்லை.

வெள்ளச்சிக்கு மழை வந்தது. காளியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி வெள்ளச்சி. முப்பது வயதிருக்கும். வாய் திறந்தால் வெடுக்கென்று விழும் சொல். மலையை விட்டு அவள் இறங்கியதே இல்லை. பாடம் இதுதான்: கடல் நீர் வெயிலில் ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்து மேகமாகிறது, மழையாகப் பெய்கிறது. நான் இரண்டு தடவை படித்து முடித்ததும் அவள் நார் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் என்றேன், நானும் மெட்ராஸில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். குடிக்கலாமா என்றாள். முடியாது, உப்பு என்றேன். அப்போதுதான் கேட்டாள்.

"அப்ப மழை ஏன் கரிக்கல?"

எனக்குத் தெரியவில்லை. அதைவிட வெட்கம், எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்லை. ஆரம்பப் பள்ளியில் படித்தேன், உயர்நிலைப் பள்ளியில் படித்தேன், பரீட்சையில் படம் வரைந்து அம்புக்குறி போட்டு மார்க்கும் வாங்கினேன். ஒரு நாளாவது நிமிர்ந்து, ஏன் கரிக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை பண்ணினேன். கிழிந்த பக்கத்தில் இருக்குமோ என்னமோ என்று பூசி மெழுகினேன். வெள்ளச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாரை உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அடுப்பில் சட்டி, அதில் மொச்சை, கை நிறைய உப்பு. மேலே அலுமினியத் தட்டு. கொதித்ததும் தட்டை எடுத்து அடிப்பக்கத்தில் கோத்திருந்த துளியை நக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. கரித்ததாம். எனக்கு விட்டது தொல்லை என்று இருந்தது. அவளுக்கு விடவில்லை. தட்டை உற்றுப் பார்த்தாள். கொதித்துத் தெறித்தது பட்டிருக்கும், கடல் இப்படியா தெறிக்கும் என்று தனக்குள் பேசிக்கொண்டாள். அடுத்த நாள் மொச்சை இல்லை, வெறும் உப்புத் தண்ணீர், பாதிச் சட்டி. தீயை இழுத்துவிட்டு, ஆவி மட்டும் பறக்கிற அளவுக்கு வைத்தாள். தட்டின் மேல் ஈரத்துணி போட்டாள், மேலே குளிரும் என்று நான் படித்திருந்தேன் அல்லவா, அதற்காக. தட்டைத் திருப்பி ஒரு விரலால் வழித்து என்னிடம் நீட்டினாள்.

உப்பே இல்லை. மழைத்தண்ணீர் ருசி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது. அந்த இருட்டு அடுக்களையில், புகைக்கு நடுவில், கடலைப் பார்க்காத ஒருத்தி கடலைச் சட்டியில் வைத்து, மேகத்தைத் தட்டில் பிடித்து, மழையை என் நாக்கில் வைத்துவிட்டாள். காலில் விழுந்திருக்கலாம். விழத் தோன்றியது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறோமே என்ற மிதப்பில் விழாமல் நின்றேன். வெள்ளச்சி அதை ஒரு பெரிய விஷயமாகக் காட்டிக்கொள்ளவில்லை. உப்புக்குக் கனம், எழுந்திருக்க முடியல என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள்.

அன்றிலிருந்து மழை அவளுடையது. மற்றவர்கள் புத்தகத்திலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவள் பதிலை அவளே செய்தாள். பூங்காவனம் வட்டத்தில் அவள் முன்னால் வரும்போது குரலே மாறும். அக்கா, எடுத்துக்கட்டுமா? கொஞ்ச நேரம் காக்க வைத்துத்தான் எடுத்துக்கோ என்பாள் வெள்ளச்சி.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காளியம்மாவின் ஆடு வெள்ளச்சி வாசலில் காயப்போட்டிருந்த மொச்சையைத் தின்றுவிட்டது. அறுவடையில் மிச்சமிருந்த மொச்சை, விதைக்கு வைத்தது. அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும், எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். ஏழு தலைமுறையை இழுத்தார்கள். ஆடு சாதுவாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் வெள்ளச்சி, இனிமேல் என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டு, அங்கே நின்றிருந்த பூங்காவனத்தைப் பார்த்து, என் மழையும் உனக்குக் கிடையாது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்கு நடுவில் நல்ல பேச்சு என்று ரசித்தேன். அந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தும் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி.

பரீட்சை அன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். பூங்காவனம் கேள்வித்தாளோடு வந்தாள். வாங்கிப் பார்த்தேன். பற்கள் வந்திருந்தன, பூ வந்திருந்தது. கிழிந்துபோன பாடங்களிலிருந்து பாதிக்கு மேல் கேட்டிருந்தார்கள். கடைசியில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரே கேள்வி: மழை எவ்வாறு உண்டாகிறது? எனக்கு உயிர் வந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"அது எழுதல நர்சம்மா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. வெள்ளச்சி அக்கா குடுக்கமாட்டேன்னுட்டாங்க."

பதில் யாருக்கும் சொந்தமில்லை, அது புத்தகத்தில் இருக்கிறது, உலகத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள் என்று கத்தினேன். அவள் அழவில்லை. புரியாத ஒன்றை நான் சொல்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வரை அந்தக் கேள்வியின் மேல் கல் வைத்திருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. முப்பத்தைந்து வேண்டும்.

நேரே வெள்ளச்சி வீட்டுக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு கைப்பிடி மொச்சைக்காக ஒரு பெண்ணின் படிப்பையே குழி தோண்டிப் புதைத்துவிட்டாய் என்றேன். அவள் கை நின்றது.

"எழுதலியா?"

"எழுதல."

"உள்ள யாரு இருந்தாங்க?"

பரீட்சை அறையில் பிள்ளைகளும் வாத்தியாரும்தான் இருந்திருப்பார்கள் என்றேன்.

"நான் பாக்கப் போறதில்லன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுக்கலியா?"

நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை. எழுந்து கையைக் கழுவினாள், புடவையைத் தட்டிக்கொண்டாள், நடக்க ஆரம்பித்தாள். வாத்தியார் போளூர்க்காரர். அன்றைக்கு இரண்டரை மணி பஸ்ஸில் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு கீழே போகிறார், திருத்துவது வேறு பள்ளிக்கூடத்தில். இது ஊருக்கே தெரியும். நான் பின்னால் ஓடினேன். வழியில் பள்ளிக்கூடத்தருகே உட்கார்ந்திருந்த பூங்காவனமும் ஓடி வந்தாள்.

பாதை சாலையில் சேரும் இடத்தில் வாத்தியார் மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். வெள்ளச்சி அவர் முன்னால் போய் நின்றாள். பூங்காவனத்தின் பக்கம் திரும்பவே இல்லை, சண்டை சண்டைதான். ஓரமாக இருந்த ஒரு கடுக்காய் மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மழைய நான் குடுத்துட்டேன். அந்தப் பொண்ண எழுதச் சொல்லுங்க சார். இன்னைக்கு மட்டும்."

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர், கோபிக்கவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, கட்டிய கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார். பிறகு, சும்மா கேட்கிற மாதிரி, மழை எப்படிம்மா வருது, நீதான் சொல்லேன் என்றார்.

"கடல நான் பாத்ததில்ல சார். உப்புன்னு நர்சம்மா சொன்னாங்க. வெயிலுக்குத் தண்ணி மட்டும் எழுந்து போவுது. உப்பு எழுந்திருக்காது, அதுக்குக் கனம். மேல போனா குளுரு. குளுந்தா துளியா கோத்துக்கும். நம்ம மலையில வந்து முட்டுனா வுழுந்துடும்."

உப்பு எழுந்திருக்காது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். தட்டை நக்கிப் பார்த்தேன் என்றாள். முதல் தடவை கரித்ததையும், தீயை இழுத்துவிட்டதையும், ஈரத்துணி போட்டதையும் சொன்னாள். வாத்தியார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தானும் இருபது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துவதாகவும், இதை ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை என்றும் என்னிடம் மெல்லச் சொன்னார். அவருக்கும் எனக்கும் அந்த நிமிஷத்தில் ஒரே வெட்கம், ஒரே சந்தோஷம்.

பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி வாத்தியாரைக் கூப்பிட்டார். அதை விட்டால் மறுநாள் காலையில்தான். வாத்தியார் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. கட்டை அவிழ்த்து, பூங்காவனத்தின் தாளை உருவிக் கொடுத்து, பத்து நிமிஷம் என்றார். சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் சாலையோரக் கல்லின் மேல் தாளை வைத்துக்கொண்டு மண்டி போட்டு எழுதினாள். வெள்ளச்சி நிற்கவில்லை. அவள் பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் பாஸானாள். ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியோடு விடுதிக்குப் போனாள். மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் ஊரே வந்தது. காளியம்மா ஒரு பக்கமும் வெள்ளச்சி ஒரு பக்கமுமாக நின்றார்கள். அதுவரை அவர்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, பிறகும் பேசவில்லை என்று கேள்வி.

இந்த ஆவணியில் திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நர்சம்மா என்றாள். என்னை அப்படிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. பூங்காவனம் அறிவியல் டீச்சராம். ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கிறதாம். சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். குப்பாயி போய் ரொம்ப நாளாயிற்று, காளியம்மாவும் இல்லை. ஊரில் புளியை ஓட்டோடு லாரியில் ஏற்றிவிடுகிறார்களாம், கூடி உட்காருவது நின்றுவிட்டது.

பேச்சோடு பேச்சாக மழையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். வெள்ளச்சி அன்றைக்கு மட்டும்தானே கொடுத்தாள்? ஆறாம் வகுப்பில் அதே பாடம் மறுபடி வந்ததாம். பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி, சம்மதம் வந்த பிறகுதான் பரீட்சையில் எழுதினாளாம். பத்தாம் வகுப்பிலும் கேட்டாள். டீச்சரான பிறகு, ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன்னால் மலைக்குப் போய், அக்கா, இந்த வருஷமும் பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வருவாளாம். முப்பது வருஷத்துக்கு மேல். வெள்ளச்சி கொஞ்ச நேரம் காக்க வைத்துத்தான் குடு என்பாளாம்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். வெள்ளச்சி போன தை மாதம் இறந்துவிட்டாளாம்.

"ஜூன்ல புத்தகத்தைத் தொறந்துட்டு நின்னுட்டேன் நர்சம்மா. யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பந்தலுக்கு அடியில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முதல் பருவத்துக்கு உண்டான மற்ற எல்லாப் பாடமும் முடித்துவிட்டாளாம். அந்த ஒன்றை மட்டும் இன்னும் நடத்தவில்லையாம்.